கல்லீரல் நோய் ஆய்வுகளை எல்லோருக்கும் திறந்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் நோய் பற்றிக் கட்டுரை எழுதி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கவலையோடுதான் வருகிறார்கள்: "எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிட ஏகப்பட்ட பணம் ஆகுமாமே?" நோயாளியின் வீட்டாருக்கு வேறு கவலை. தேடிப் பிடித்த கட்டுரையில் பத்து வரி மட்டும் தெரிகிறது, மீதியைப் படிக்கப் பணம் கேட்கிறது. இரு தரப்புக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள்.

திறந்த அணுக்கம் என்றால் என்ன?

ஓர் ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் முழுதாகப் படிக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு. 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தது. மறு ஆண்டே பெதஸ்டா, பெர்லின் அறிக்கைகளும் வந்தன. மூன்றுமே வலியுறுத்துவது, படிப்பதோடு மறுபடி பயன்படுத்தும் உரிமையும் வேண்டும் என்பதைத்தான். சில பதிப்பகங்கள் விளம்பரத்துக்காக ஒரு கட்டுரையைச் சில மாதம் இலவசமாக வைத்துவிட்டு அப்புறம் பூட்டிவிடும். அது திறந்த அணுக்கம் ஆகாது. கட்டுரையின் கீழே உரிமம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால்தான் நாளைக்கும் அது திறந்திருக்கும் என்று நம்பலாம்.

எல்லாத் துறைக்கும் பொதுவான விஷயம்தானே, கல்லீரலுக்கு என்ன தனி அவசரம்?

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் வைரஸ் ஹெபடைடிஸால் சுமார் 13 லட்சம் பேர் இறந்தார்கள். ஹெபடைடிஸ் பி 25.4 கோடிப் பேருக்கும், சி 5 கோடிப் பேருக்கும் நாள்பட்ட தொற்றாக இருந்தது. பி வகைத் தொற்று இருப்பவர்களில் 13 சதவீதத்தினருக்குத்தான் அது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சிகிச்சையில் இருந்தவர்கள் 3 சதவீதம். பி வகை புதிதாகத் தொற்றியவர்களில் 63 சதவீதம் பேர் ஆப்பிரிக்கப் பகுதியில் இருந்தார்கள்.

இந்த நோயாளிகளை முதலில் பார்ப்பது கல்லீரல் நிபுணர் அல்ல. பொது மருத்துவர், செவிலியர், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர், கர்ப்பிணிகளைக் கவனிக்கும் பணியாளர் என்று பட்டியல் நீளும். பல்கலைக்கழக நூலகக் கடவுச்சொல் இவர்களில் பலரிடம் இருக்காது. ஆய்வு நடப்பது ஓரிடம், அதன் பலன் தேவைப்படுவது வேறிடம் என்ற இந்த இடைவெளி கல்லீரல் நோயில் மிகப் பெரிது. அதனால்தான் இங்கே பூட்டிய கட்டுரை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

சுருக்கம் இலவசமாகத்தானே கிடைக்கிறது, அது போதாதா?

போதாது. ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

கல்லீரலில் தழும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ஊகிக்க ஃபிப்-4 என்ற குறியீடு உண்டு. வயதை ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதியின் இரத்த அளவால் பெருக்கி, அதை இரத்தத் தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எல்.டி. என்ற இன்னொரு நொதியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 50 வயதுக்காரருக்கு ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 64, தட்டணுக்கள் 200 (ஆயிரங்களில்) என்று வைத்துக்கொள்வோம். 50 × 40 = 2000. ஏ.எல்.டி.யின் வர்க்கமூலம் 8, அதை 200-ஆல் பெருக்கினால் 1600. விடை 1.25. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்பது பரவலாகப் புழங்கும் வரம்பு. ஆக, இவர் கீழே இருக்கிறார்.

இதே இரத்த அளவுகளோடு 70 வயதுக்காரர் வந்தால் விடை 1.75. வரம்பைத் தாண்டிவிட்டது, மேற்பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று தோன்றும். ஆனால் வயதும் கணக்கில் பெருக்கப்படுவதால் முதியவர்களுக்கு இந்த எண் தானாகவே ஏறிவிடும். அதனால் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2.0 என்ற வரம்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 35 வயதுக்குக் கீழே குறியீடு சரியாக வேலை செய்வதில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இன்னொன்றும் உண்டு. 2006-ல் ஃபிப்-4 முதன்முதலில் உருவானது எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்த நோயாளிகளை வைத்து. அப்போது சொன்ன வரம்புகள் 1.45, 3.25. எந்த வரம்பு யாருக்கு, எந்த நோய்க்கு, எந்த வயதுக்கு என்ற விவரமெல்லாம் அட்டவணைகளிலும் விவாதப் பகுதியிலும்தான் இருக்கும். சுருக்கத்தில் மிஞ்சுவது ஓர் எண்ணும் ஒரு முடிவும். அதை மட்டும் படித்தவர் 70 வயதுப் பெரியவரை வீணாக அலையவிடுவார், 30 வயது இளைஞரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இந்தச் சூத்திரத்தை யாரும் காப்புரிமைக்குள் அடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாளும் பேனாவும் இருந்தால் எந்தச் சிறு மருத்துவமனையிலும் போடலாம். காப்புரிமை பெற்ற கட்டணக் குறியீடுகளும் இதே வேலைக்கு இருக்கின்றன. ஃபிப்-4 இத்தனை தூரம் பரவியதற்கு அது திறந்து கிடந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

தங்க வழி, பச்சை வழி என்கிறார்களே, அவை என்ன?

இதழே கட்டுரையைத் திறந்து வெளியிட்டால் தங்க வழி. பெரும்பாலும் இதில் கட்டுரை எழுதியவர் தரப்பு வெளியீட்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கல்லீரல் துறையில் அமெரிக்கச் சங்கம் 2017-ல் தொடங்கிய ஹெபடாலஜி கம்யூனிகேஷன்ஸ், ஐரோப்பியச் சங்கம் 2019-ல் தொடங்கிய ஜே.ஹெப் ரிப்போர்ட்ஸ் இரண்டும் இப்படி முழுதாகத் திறந்தவை. கொரியச் சங்கத்தின் கிளினிக்கல் அண்ட் மாலிக்யூலர் ஹெபடாலஜி, மெக்சிகோ சங்கத்தின் ஆனல்ஸ் ஆஃப் ஹெபடாலஜி ஆகியவையும் திறந்த இதழ்களே.

சந்தா இதழில் ஒரு கட்டுரையை மட்டும் பணம் கட்டித் திறந்தால் அது கலப்பு வழி. எனக்கு இதில் உடன்பாடு குறைவு. நூலகம் சந்தாவும் கட்டுகிறது, ஆசிரியர் கட்டணமும் கட்டுகிறார், ஒரே இதழுக்கு இரண்டு வரவு.

படிப்பவரும் எழுதியவரும் எதுவும் கட்ட வேண்டாம், செலவைச் சங்கமோ பல்கலைக்கழகமோ அரசோ ஏற்கும் என்றால் வைர வழி. பிரேசிலில் 1998-ல் தொடங்கிய சியெலோ என்ற திறந்த இதழ்த் தளம் லத்தீன் அமெரிக்காவில் இந்தப் போக்குக்குப் பெரிய ஊன்றுகோலாக இருந்துவருகிறது.

பச்சை வழிக்கு அடுத்த கேள்வியையே முழுதாக ஒதுக்குகிறேன்.

எங்களிடம் பணமே இல்லை. அப்படியானால் பூட்டிய இதழ்தான் கதியா?

இல்லவே இல்லை. உங்களுக்குப் பிடித்த சந்தா இதழிலேயே கட்டணமில்லாமல் வெளியிடுங்கள். அப்புறம் சக மதிப்பாய்வு (அதே துறை நிபுணர்கள் படித்துச் சரிபார்ப்பது) முடிந்து இதழின் ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட உங்கள் பிரதியை ஒரு களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேமித்து எல்லோருக்கும் காட்டும் இணையத் தளத்தில், வையுங்கள். இதுதான் பச்சை வழி. காசு செலவில்லை, பெரும்பாலான இதழ்கள் ஏதோ ஒரு வடிவில் இதற்கு இடம் தருகின்றன. இருந்தும் பலர் செய்வதில்லை. காரணம் சோம்பல் அல்ல, எந்தப் பிரதியை வைக்கலாம் என்ற குழப்பம்தான்.

ஒரு கட்டுரைக்கு மூன்று பிரதிகள் உண்டு. இதழுக்கு அனுப்புவதற்கு முன்பு இருந்தது முதலாவது. மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தமெல்லாம் செய்து, "ஏற்கிறோம்" என்று கடிதம் வந்தபோது உங்கள் கணினியில் இருந்த வேர்டு கோப்பு இரண்டாவது. பதிப்பகம் பக்கம் அமைத்து, சின்னம் போட்டு, பக்க எண்ணோடு வெளியிட்டது மூன்றாவது. களஞ்சியத்தில் வைக்கப் பொதுவாக அனுமதி கிடைப்பது இரண்டாவதற்கு. உள்ளடக்கம் மூன்றாவதில் உள்ளதுதான், அழகு மட்டும் குறைவு. பலர் தவறிப்போய் மூன்றாவதைப் பதிவேற்றி, பதிப்பகத்திடமிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் வாங்குகிறார்கள்.

ஆகவே ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்த வேர்டு கோப்பைத் தனியாகப் பெயரிட்டுச் சேமியுங்கள். "இறுதி", "இறுதி-2", "உண்மையான இறுதி" என்று பத்துக் கோப்புகளுக்கு நடுவே ஓராண்டு கழித்துத் தேடுவது பெரும்பாடு. இதழின் விதி என்ன, எத்தனை மாதம் காத்திருக்கச் சொல்கிறது என்பதை ஷெர்பா ரோமியோ என்று பழகிப்போன தரவுத்தளத்தில் பார்க்கலாம். அது இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இயங்குகிறது. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தக் களஞ்சியம் இல்லையென்றால், 2013-லிருந்து செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு நிறுவனம் நடத்திவரும் செனோடோ களஞ்சியத்தில் இலவசமாக வைக்கலாம்.

கட்டண விலக்கு கேட்டால் கிடைக்குமா?

வருமானம் குறைந்த நாடுகளின் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். பல பதிப்பகங்கள், வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களைக் கிடைக்கச் செய்யும் ரிசர்ச்ஃபோர்லைஃப் திட்டத்தின் பட்டியலைப் பின்பற்றுகின்றன: ஏ பிரிவு நாடுகளுக்கு முழு விலக்கு, பி பிரிவுக்குப் பாதி. பட்டியலில் இல்லாத நாட்டில் இருந்தாலும் நிதியுதவி இல்லாத ஆய்வு என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கட்டுரையை அனுப்பும்போதே கேளுங்கள். ஏற்புக்குப் பிறகு கேட்டால் பல இதழ்கள் கறாராக மறுத்துவிடும். உங்கள் பல்கலைக்கழகம் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதா என்று நூலகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒப்பந்தம் இருப்பது தெரியாமலே கைக்காசைப் போட்டவர்கள் உண்டு.

நிதி தந்தவர்கள் திறந்துதான் வைக்க வேண்டும் என்கிறார்கள். தாமதித்தால்?

அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்கள் 2008-லிருந்து, தாங்கள் பணம் தந்த ஆய்வுகளை 12 மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச முழுக்கட்டுரைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லிவந்தன. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்த அவகாசம் கிடையாது, வெளியான நாளிலேயே திறந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018-ல் அறிவிக்கப்பட்டு 2021-லிருந்து நடைமுறைக்கு வந்த பிளான் எஸ் திட்டத்தில் சேர்ந்த நிதி நிறுவனங்களும் உடனடித் திறப்பையே கேட்கின்றன. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இதழைத் தேர்ந்தெடுக்கும் முன்பே படித்துவிடுங்கள். விதியை மீறினால் அடுத்த நிதியுதவி சிக்கலாகும்.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

2013-ல் ஜான் போஹானன் என்ற அறிவியல் எழுத்தாளர், வேண்டுமென்றே பிழைகளோடு எழுதிய ஒரு பொய்க் கட்டுரையை 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. சயின்ஸ் இதழில் அது வெளியானபோது பெரிய அதிர்ச்சி. தாமாக முன்வந்து அழைக்கும் மின்னஞ்சல், சில நாட்களிலேயே மதிப்பாய்வு முடியும் என்ற வாக்குறுதி, கட்டணத்தை மறைத்து வைத்து ஏற்புக்குப் பிறகு சொல்வது, புகழ்பெற்ற இதழின் பெயரை லேசாக மாற்றிய தலைப்பு இதெல்லாம் அறிகுறிகள். கல்லீரல் துறையில் அச்சு அசலாக ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய இருப்பதால் ஒவ்வோர் இதழுக்கும் தனியாக உள்ள ஐ.எஸ்.எஸ்.என். அடையாள எண்ணையே ஒப்பிட்டுப் பாருங்கள். 2003-ல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் 20,000-க்கும் மேற்பட்ட திறந்த இதழ்கள் இருக்கின்றன. அதில் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பார்ப்பது நல்ல சோதனை.

அப்படியானால் திறந்த கட்டுரை என்றாலே தரம் குறைவா?

இல்லை. மோசமான மதிப்பாய்வு சந்தா இதழிலும் நடக்கிறது. எங்கே படித்தாலும், கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-ல் கிராஸ்ரெஃப் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது.

எந்த உரிமத்தைத் தேர்வு செய்வது? கட்டுரையில் உள்ள படத்தைத் தமிழில் மாற்றி நோயாளிகளுக்குக் கொடுக்கலாமா?

சி.சி. பை என்ற உரிமம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்.சி. என்று சேர்ந்திருந்தால் வணிகத்துக்குக் கூடாது. என்.டி. என்று இருந்தால்தான் சங்கடம். மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கருதப்படும் என்பதால், பெயர்த்ததைப் பிறருக்குக் கொடுக்க உரியவரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

ஆசிரியர்கள் பலர் பாதுகாப்பு என்று எண்ணி என்.டி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிய நிலை) நோயாளிக்கு வயிற்றில் நீர் கோப்பது ஏன் என்று விளக்கும் ஒரு நல்ல படம், தமிழிலோ சுவாஹிலியிலோ ஒரு வார்டின் சுவருக்குப் போய்ச் சேர அதுவே தடையாகிவிடுகிறது. முடிந்தவரை சி.சி. பை போடுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஒன்று கவனிக்க வேண்டும்: கட்டுரைக்குள் வேறொரு பதிப்பகத்திடம் அனுமதி வாங்கிப் போட்ட படம் இருந்தால் அதற்கு இந்த உரிமம் பொருந்தாது. படத்தின் கீழே உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள்.

நோயாளி ஒருவரைப் பற்றிய கட்டுரையைத் திறந்து வைப்பதில் என்ன ஆபத்து?

ஹெபடைடிஸ் பி, மது சார்ந்த கல்லீரல் நோய், உறுப்பு மாற்று எதுவானாலும் வெளியே தெரிந்தால் வேலை, திருமணம், உறவு எல்லாம் பாதிக்கப்படலாம். பெயர் போடாவிட்டாலும் வயது, தொழில், அறுவை சிகிச்சை நடந்த மாதம், மருத்துவமனை நான்கும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வில்சன் நோய் போன்ற அரிய நோயில் இன்னும் சுலபம். திறந்த கட்டுரையைத் தேடுபொறி காட்டும், பக்கத்து வீட்டுக்காரரும் படிப்பார்.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் "மருத்துவ இதழில் வெளியாகும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். இணையத்தில் உலகம் முழுக்க யாரும் இலவசமாகப் படிக்கலாம், உரிமத்தின்படி படத்தைப் பிறர் எடுத்தும் பயன்படுத்தலாம், வெளியான பிறகு முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். மஞ்சள் காமாலையைக் காட்டக் கண்ணைப் படமெடுத்தால் கண் மட்டும் போதும், முகம் எதற்கு? கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறையாது என்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே சொல்லியிருக்கிறது.

மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடலாமா?

2019-ல் தொடங்கிய மெட்ஆர்க்சிவ் தளத்தில் வைக்கலாம். உங்கள் இதழ் அதை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். மருந்தளவையோ சிகிச்சையை நிறுத்துவதையோ பற்றிய முடிவு என்றால் மதிப்பாய்வு வரை பொறுப்பதே நல்லது.

நான் ஆய்வாளர் அல்ல, அப்பாவுக்குக் கல்லீரல் நோய். எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது?

பப்மெட் சென்ட்ரலில் இருப்பதெல்லாம் முழுக்கட்டுரை, அங்கே தொடங்குங்கள். வேறெங்காவது பூட்டு தெரிந்தால், அன்பேவால் என்ற உலாவி நீட்சி சட்டப்படி இலவசமாக உள்ள பிரதியைத் தேடித் தரும். அதுவும் கிடைக்காவிட்டால் சுருக்கத்தின் அருகே பெரும்பாலும் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். கொழுப்புக் கல்லீரல் பற்றித் தேடும்போது, 2023-ல் ஆங்கிலப் பெயர் மாறியதால் பழைய என்.ஏ.எஃப்.எல்.டி., புதிய எம்.ஏ.எஸ்.எல்.டி. இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

ஒரு மாத்திரையோ மூலிகையோ கல்லீரலைப் பாதிக்குமா என்ற சந்தேகத்துக்கு லிவர்டாக்ஸ் என்ற தளம் இருக்கிறது. அமெரிக்க அரசின் கழகம் ஒன்று 2012-லிருந்து இலவசமாக நடத்துகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் கல்லீரல் பாதிப்பு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்று ஏ முதல் ஈ வரை ஒரு தரம் போட்டிருப்பார்கள். ஏ என்றால் நன்கு நிறுவப்பட்ட காரணி, ஈ என்றால் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. எவ்வளவு கடுமையான பாதிப்பு என்பதை அந்த எழுத்து சொல்லாது, அதற்குக் கீழே உள்ள பத்திகளைப் படிக்க வேண்டும்.

படிக்கும்போது ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா எலிகளிடமா, நோயின் எந்தக் கட்டத்தில் இருந்தவர்கள் கலந்துகொண்டார்கள் என்று பாருங்கள். நீர் கோத்து, இரத்த வாந்தி எடுத்து, நோய் முற்றியவர்களை இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் சேர்ப்பதில்லை. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இருந்தால் முடிவு அவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஹெபடைடிஸ் பி மாத்திரையைச் சிலருக்கு நிறுத்திப் பார்க்கும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவை தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம், அடிக்கடி இரத்தம் சோதித்து, மருத்துவர் கண்காணிப்பில் செய்தவை. கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் தானாக நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். படித்ததை அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

பத்து வருடம் முன்பு பூட்டிய இதழில் வெளியானதை இப்போது திறக்க முடியுமா?

பல நேரம் முடியும், காத்திருப்புக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஏற்கப்பட்ட வேர்டு கோப்பு தொலைந்துபோனால் உடன் எழுதியவர்களிடம் கேளுங்கள், அல்லது இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் உங்கள் பழைய கணக்கைத் திறந்து பாருங்கள். பல தளங்கள் கடைசித் திருத்தப் பிரதியை வைத்திருக்கும். முதல் பக்கத்தில் இதழின் பெயர், ஆண்டு, டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) மூன்றையும் எழுதி, "மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட பிரதி" என்று ஒரு வரி சேர்த்து, பி.டி.எஃப். ஆக்கிப் பதிவேற்றுங்கள். அட்டவணைகளையும் துணைக் கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள்.